காயாத சுவர்

குடிவந்த சில நாளிலேயே சாப்பாட்டு மேசை ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்று அடம்பிடிக்க ஆரம்பித்தது. காலையில் கூடத்தின் நடுவில் இருக்கும். மாலையில் அவர் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது பார்த்தால், ஒரு முழம் தள்ளிப்போய் சன்னல் ஓரமாக நிற்கும். தரை துடைக்கும்போது மனைவி நகர்த்தியிருப்பாள் என்று அவர் நினைத்தார். ஆபீஸில் கோடு இழுக்கிற புத்தியை மனிதர் வீட்டிலும் காட்டுகிறார் என்று மனைவி நினைத்தாள். மேசையை நடுவுக்கு இழுத்துப் போட்டுச் சாப்பிட்டார்கள்.

பிறகு செருப்பு அலமாரி நகர்ந்தது. பிறகு பாப்பாவின் சைக்கிள். அதற்கப்புறம் துணி மடித்து வைக்கிற நாற்காலி. எதுவும் அதிக தூரம் போகவில்லை. கூட்டத்தில் நிற்கும்போது யாராவது தோளைத் தொட்டால் ஒதுங்கிக்கொள்கிறோமே, அந்த அளவுதான்.

அரசாங்கம் கட்டித் தருகிற குடியிருப்புகளுக்கு மனை பிரித்துப் படம் போடுவது அவர் வேலை. வரிசைகள் எந்தத் திசை பார்க்க வேண்டும், தெரு எவ்வளவு அகலம், சாக்கடை எந்தப் பக்கம் சரிய வேண்டும், பிள்ளைகள் விளையாட எத்தனை அடி விட்டால் மேலிடம் கேள்வி கேட்காது, எல்லாம் அவர் கையில். வேலை நடக்கிற இடத்தில் கொத்தனார் எதைக் கேட்டாலும், "கோடு எங்க போகுதுன்னு பாருப்பா" என்பதே அவர் பதில். அதனால் சித்தாள்கள் அவர் முதுகுக்குப் பின்னால் கோடு சார் என்றார்கள். கொஞ்ச நாளில் அது அவர் முகத்துக்கு நேரேயும் வந்துவிட்டது. அவருக்கு அதில் வருத்தமில்லை. சொல்லப்போனால் உள்ளூரப் பெருமை.

இந்தக் குடியிருப்பும் அவர் போட்ட கோடுதான். கால்வாய்க் கரையில் தகரக் கொட்டகை போட்டு இருந்தவர்களுக்காக, கரைக்கு மேலே மேட்டு நிலத்தில் கட்டியது. எல்லா வீட்டுக்கும் ஆள் வந்துவிட்டது. கடைசி வரிசையின் கோடி வீடு மட்டும் பூட்டியே கிடந்தது. கொட்டகைக்காரர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சாவியை நீட்டியும் ஒருத்தரும் கை நீட்டவில்லை. ஓசியில் வருகிற வீட்டை வேண்டாம் என்கிற மடையர்களை இப்போதுதான் பார்க்கிறேன் என்று ஆபீஸில் சொல்லிச் சிரித்துவிட்டு, ஊழியர்களுக்கு ஒதுக்குகிற பங்கில் அதை அவரே எழுதி வாங்கிக்கொண்டார்.

வாடகை வீடு மாறி மாறி அலுத்துப்போன மனைவி, இனிமேல் ஆணி அடிக்க எவனையும் கேட்க வேண்டாம் என்று முதல் நாளே சுவரில் இரண்டு ஆணி அடித்துப் பார்த்தாள். பின்பக்க அறை பாப்பாவுக்கு. அதற்கு அவர் தன் கையாலேயே வண்ணம் பூசினார். கல்யாணமாகி வெகுகாலம் கோயில் குளம் ஆஸ்பத்திரி என்று அலைந்து பெற்ற ஒரே பெண். அவள் தும்மினால் இவருக்குக் காய்ச்சல் வரும் என்று உடன் வேலை பார்ப்பவர்கள் கேலி செய்வார்கள். அது கேலி இல்லை, உண்மை. உலகத்தில் அவர் எதற்கும் பயந்தவர் இல்லை. அவளுக்கு ஒன்று ஆகிவிடுமோ என்பதைத் தவிர.

தரையை அவர் கவனித்தது ஒரு மழை மூட்டமான சாயங்காலம். விளக்குப் போட்டிருக்கவில்லை. சன்னல் வழியாகத் தாழ்ந்து வந்த வெளிச்சம் கூடத்துப் பளிங்குத் தரைமேல் படுத்துக் கிடந்தது. எல்லா இடத்திலும் பளபளவென்று படுத்திருந்த அந்த வெளிச்சம், ஒரு பட்டையில் மட்டும் படுக்க மறுத்தது. பாப்பாவின் அறைச் சுவரடியில் தொடங்கி, கதவைத் தாண்டி, கூடத்தைக் குறுக்கே சரிவாக வெட்டி, வாசற்கதவு வரைக்கும் தரை மினுக்கு இல்லாமல் மங்கிப்போயிருந்தது. புல்வெளியில் ஜனம் நடந்து நடந்து விழுகிற தடம் எப்படி இருக்கும், அப்படி. அவர் முட்டி போட்டு உட்கார்ந்து விரலால் தடவினார். பொடி மணல் நெருடியது. விரலை மோந்தார். கால்வாயின் அடிச்சேற்று வாடை, வெகுநாள் மூடி வைத்த பானையைத் திறந்ததுபோல, சில்லென்று மூக்கில் ஏறியது.

மேசையும் அலமாரியும் சைக்கிளும் எதற்கு ஒதுங்கி வழிவிட்டு நிற்கின்றன என்று அப்போது அவருக்குப் புரிந்தது. அந்தச் சரிவும் அவருக்குத் தெரிந்த சரிவுதான்.

நிலம் அளக்க முதன்முதலில் வந்தபோது அந்த ஒற்றையடிப் பாதை அங்கே கிடந்தது. கொட்டகைகளிலிருந்து கரை ஏறி, மேட்டைக் குறுக்கே கடந்து, பெரிய ரோட்டுக்குப் போகும். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளும், வேலைக்குப் பெண்களும், கட்டிலோடு தூக்கிக்கொண்டு போகிற நோயாளிகளும் அதில்தான் போவார்கள். முதல் படத்தில் அவர் அந்தப் பாதைக்காக மதில்சுவரில் ஒரு திறப்பு விட்டிருந்தார். கடைசி வரிசையில் ஒரு வீடு குறைகிறதே, அதை எங்கே செருகப் போகிறீர்கள் என்று மேலதிகாரி கேட்டார். கோடு சார் ரப்பரை எடுத்தார். திறப்பு அழிந்தது. அந்த இடத்தில் ஒரு வீடு முளைத்தது. இடம் பற்றாததால் வீட்டின் பின்சுவரும் மதிலும் ஒரே சுவர் ஆனது. யாரும் ஏறிக் குதிக்கக் கூடாது என்று ஆளுயரத்துக்கு மேலே தூக்கி, கால் வைக்க ஒரு பிசிறுகூட இல்லாமல் வெளிப்பக்கமும் வழவழவென்று பூசச் சொன்னார்.

சுவர் எழும்பிய அதே மழைக்காலத்தில் கால்வாய் உடைந்தது. பொழுது சாய்கிற நேரம். கொட்டகைக்குள் தண்ணீர் புகுந்ததும் ஜனம் கண்ணை மூடிக்கொண்டு கால் பழகிய பாதையில் ஓடியது. விடிந்து தண்ணீர் வடிந்தபோது, வேலைக்குப் போய்த் திரும்பாதவர்களைத் தவிர எல்லாரும் சுவரடியில்தான் பிணமாகக் கிடந்தார்கள். விசாரணைக்கு வந்தவர்கள், அங்கே முன்பு ஒரு பாதை இருந்ததாமே என்று கேட்டார்கள். வரைபடத்தில் அப்படி ஒரு பாதை கிடையாது என்றார் கோடு சார். அது பொய் இல்லை. வரைபடத்தில் கிடையாதுதான். அன்றைக்கு வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினார்.

அந்தத் தூக்கம் இப்போது போயிற்று.

மறுநாள் மாலை பாப்பா கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். நடுவில் தலையைத் தூக்காமலே காலை மடக்கி, நோட்டை இழுத்துக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு மறுபடி காலை நீட்டினாள். பஸ்ஸில் பெரியவர்கள் செய்கிற மாதிரி அவ்வளவு இயல்பாக இருந்தது அது. ஏன் நகர்ந்தாய் என்று கேட்டார்.

"வழி கேட்டாங்கப்பா."

"யாரு?"

"தெரியல. கொஞ்சம் வழி விடுங்கன்னாங்க. விட்டேன்." பென்சிலைக் கடித்துக்கொண்டு யோசித்துவிட்டு, "பாவம், எல்லாரும் நனைஞ்சிருக்காங்க" என்றாள்.

அன்றைக்கே அவளுடைய கட்டிலைத் தங்கள் அறைக்கு இழுத்தார். மனைவி காரணம் கேட்டதற்குச் சுவரில் ஓதம் ஏறுகிறது என்றார். வாய்க்கு வந்ததைச் சொன்னார், ஆனால் மனைவி போய்ப் பார்த்துவிட்டு வந்து ஆமாம் என்றாள். குடிவந்த வருஷமே ஓதமா, ஊருக்கெல்லாம் வீடு போட்டுக் கொடுக்கிற மகராசர் தன் வீட்டுக்குப் போட்ட லட்சணத்தைப் பாருங்கள் என்று இடித்துக் காட்டிவிட்டு அடுப்படிக்குப் போனாள். அவர் அந்த அறைக்குள் தனியாக நின்றார். புது வண்ணத்தை ஊறவைத்துக்கொண்டு ஈரம் திட்டுத்திட்டாக வெளியே வந்திருந்தது. அவருடைய தோள் உயரத்தில் அகன்ற திட்டுகள். ஒவ்வொன்றிலும் விரல் பிரிந்திருந்தது. இடுப்பு உயரத்தில் சிறியவை. தரைக்குப் பக்கத்தில் ஒன்று இருந்தது. நிற்கிறவர் கை அங்கே படாது.

சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

ஒரே சீராக, குழாயிலிருந்து பீய்ச்சி அடிப்பதுபோல, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பி வந்தது. தினமும் இந்த நேரத்துக்கு இந்தச் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது, பக்கத்து வீட்டுக் குழாய் என்று நாம்தான் கவனிக்காமல் விட்டுவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. வெளியே போய், வரிசையைச் சுற்றி, கரைப்பக்கம் இறங்கினார். களை மண்டிய ஈரத் தரையில் நின்று ஒரு பெண் ரப்பர் குழாயைப் பிடித்துச் சுவரை நனைத்துக்கொண்டிருந்தாள். தண்ணியக்கா. கட்டட வேலை நடந்தபோது பூச்சு வெடிக்காமல் இருக்க வேளாவேளைக்குத் தண்ணீர் விடுவதற்கென்று வைத்திருந்தவள். கொட்டகைக்காரி. அந்த மழையில் புருஷனும் மகளும் போனபோது இவள் வேறொரு கட்டடத்தின் தளத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்ததால் தப்பினாள். இப்போது முன்வரிசையில் இவளுக்கும் ஒரு வீடு உண்டு.

சுவர் கட்டி எவ்வளவு நாள் ஆகிறது, இன்னும் எதற்குத் தண்ணீர் என்று அவர் அதட்டினார். அவள் குழாயைத் தாழ்த்தவில்லை.

"காய விடாதன்னு நீங்கதானே சார் சொன்னீங்க. இன்னும் பச்சையாத்தான் இருக்கு. கை வெச்சுப் பாருங்க."

அவர் கை வைக்கவில்லை. வேறு ஒரு யோசனை வந்தது. குரலை இறக்கி, அக்கா என்று கூப்பிட்டு, ஒரு மாற்று ஏற்பாடு சொன்னார். உங்கள் வீட்டை எனக்குக் கொடுங்கள், இந்தக் கோடி வீடு முன்வரிசையைவிடப் பெரிது, தனி அறை இருக்கிறது, பேர் மாற்றுகிற வேலையெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், என் குழந்தை சின்னப் பெண், அவளுக்கு இந்த ஈரம் ஆகாது என்றார். குழந்தை என்கிற சொல் வந்ததும் தண்ணியக்கா முதன்முறையாக அவர் பக்கம் திரும்பினாள். சுவரிலிருந்து திரும்பிய தண்ணீர் அவர் செருப்பை நனைத்தது.

"அது வீடு இல்ல சார். அது எங்க வழி. வழியில யாராச்சும் குடியிருப்பாங்களா?"

"நான் வேணும்னு செய்யல. அவங்களுக்கு என்மேல கோபம்னா..."

"அவங்களுக்கு ஏது கோபம்? அவங்க அவசரத்துல இருக்காங்க." குழாயை மறுபடி சுவருக்குத் திருப்பினாள். "கோபம் எனக்குத்தான். அத நான் காய விடல."

நாளைக் காலையிலேயே மாமியார் வீட்டுக்குக் கிளம்பிவிடுவது என்று நடந்துகொண்டே முடிவு செய்தார். பாப்பாவை முதலில் இங்கிருந்து எடுத்துவிட வேண்டும், மற்றதை அப்புறம் யோசிக்கலாம். மனைவி எதற்கு ஏன் என்று குடைந்தாள். பிறகு, அம்மா வீடுதானே, கசக்கவா போகிறது என்று பையை எடுத்து விரித்தாள். அவர் மூச்சு விட்டார். பைக்குள் பாப்பாவின் துணிகள் போவதைப் பார்க்கப் பார்க்க நெஞ்சில் ஏறியிருந்த பாரம் கொஞ்சம் இறங்கியது.

அப்போது கூரைமேல் முதல் தூறல் விழுந்தது.

பிறகு பிடித்துக்கொண்டது. ஊரையே சலித்துக் கொட்டுகிற மழை. சன்னல் கண்ணாடி நடுங்க, சாக்கடைகள் அவர் போட்ட சரிவில் திமிறிக்கொண்டு ஓட, எங்கோ கரைப்பக்கம் தவளைகள் எல்லாம் ஒரே நொடியில் வாயை மூடிக்கொண்டன. மின்சாரம் போயிற்று. மெழுகுவத்தி இல்லை, எதிர் வீட்டில் வாங்கி வருகிறேன் என்று மனைவி குடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். வேண்டாம் என்று சொல்ல அவர் வாயெடுப்பதற்குள் வாசற்கதவு அவள் பின்னால் ஆடிக்கொண்டிருந்தது.

அவர் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தின் மூலையில் உட்கார்ந்தார். பாதையிலிருந்து எவ்வளவு தள்ளி உட்கார முடியுமோ அவ்வளவு தள்ளி. இருட்டு முழுக்க இறங்கவில்லை. மழையின் சாம்பல் வெளிச்சம் கொஞ்சம் மீதி இருந்தது. அதில் மேசையின் கால்கள் தெரிந்தன. சேற்று வாடை பின்னறையிலிருந்து தவழ்ந்து வந்தது. அதோடு நனைந்த துணியின் வாடை. நனைந்த தலைமுடியின் வாடை.

கால் சத்தம்.

ஒன்று. பிறகு பல. வெறுங்கால்கள். தண்ணீரில் சளப் சளப் என்று.

மேசை கிரீச்சென்று சுவரோரம் போய் மோதியது. நாற்காலி சாய்ந்தது. காற்று அவர் முகத்தை உரசிக்கொண்டு போயிற்று, ஒருவர்பின் ஒருவராக யாரோ ஓடுவதுபோல. காதுக்குப் பக்கத்தில் ஒரு குரல், களைத்த குரல், மரியாதையாகக் கேட்டது.

"கொஞ்சம் வழி விடுங்க."

அவர் பாப்பாவை வாரித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். வாசல் நேரே இருந்தது. ஓடினார். எந்தப் பாதையில் ஓடுகிறோம் என்று பார்க்கவில்லை. கால் தானாகச் சரிவைப் பிடித்துக்கொண்டது.

நெற்றி இடித்தது.

கதவு என்று நினைத்தார். தாழ்ப்பாளைத் தேடினார். இல்லை. நிலையைத் தேடினார். இல்லை. இடதுபக்கம் தடவினார். வலதுபக்கம் தடவினார். வழவழவென்று பூசிய சுவர். ஈரமாக. பச்சையாக. எட்டிய மட்டும் மேலே கையை ஓட்டினார். விரல் நுழைய ஒரு கீறல் இல்லை. கால் வைக்க ஒரு பிசிறு இல்லை.

தரையில் தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது.

"இறக்கி விடுங்கப்பா. வாசல்லதானே நிக்கிறோம்" என்றாள் பாப்பா.

தோளிலிருந்து வழுக்கி இறங்கினாள். அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவள் நடந்தாள். சுவருக்குள் நடந்தாள். அவருடைய விரல் முட்டிகள் பூச்சில் போய் இடித்தன. அவளுடைய கை இடிக்கவில்லை. போய்க்கொண்டே இருந்தது. மணிக்கட்டு. உள்ளங்கை. விரல்கள். கடைசியில் ஒரு விரல் நுனி. அதுவும் வழுக்கிப் போயிற்று.

இரண்டு உள்ளங்கையாலும் சுவரை அறைந்தார். கூப்பிட்டார். குரல் பூச்சில் பட்டு முகத்திலேயே திரும்பி விழுந்தது.

அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் வந்தது. குடை மடங்குகிற சத்தம். அவ்வளவு பக்கத்தில். மனைவியின் குரல், அப்பா எங்கே என்று பாப்பாவைக் கேட்டது.

"உள்ள நிக்கிறாங்கம்மா. வழி இல்லைங்கிறாங்க."

மனைவி சிரித்தாள். தீக்குச்சி உரசுகிற சத்தம்.

"என்னங்க, கதவு திறந்துதானே கிடக்கு. வாங்களேன்."

அவர் வாயைத் திறந்தார்.

முதுகில் ஒரு கை பட்டது. மெதுவாக. குளிர்ந்து ஊறிய கை. அதன்மேல் இன்னொன்று. இடுப்பில் ஒன்று, சின்னது. பிறகு தோள்கள். பிறகு மார்புகள். மூச்சு முட்ட ஒருவர்மேல் ஒருவராக, கூடம் நிறைந்து, பின்னறை நிறைந்து, கரை வரைக்கும். அவர் கன்னம் பச்சைப் பூச்சில் அழுந்தியது. திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம், ஒரு சாண் தூரத்தில், பாப்பா ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

பின்னால் வருகிறவர்களுக்கு முன்னால் சுவர் இருப்பது தெரியாது. அவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.